முகம் பார்க்காத சடங்கு

என் ஓரகத்தி ஸம்பிலா வாழ்நாளில் உருப்படியாக ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதை நாடே டிவியில் பார்த்து அழுதது. சொன்னபோது அவள் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து நான் பாவாடைப் பட்டிக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். தைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் வாய் எங்கே சும்மா இருந்தது? அந்தப் பொய்க்கு உப்பும் காரமும் போட்டவள் நான்தான். போன மாதம் அவள் மகள் கல்யாணம் முடிந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காபியைப் போடுகிறேன், குடிக்க மறந்து முற்றத்தைச் சுற்றுகிறேன். அதனால்தான் சொல்லித் தொலைக்கிறேன்.

நாங்கள் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். ஒரே முற்றம், எதிரெதிர் வீடு. ருமேனியாவில், புக்கரெஸ்டுக்குத் தெற்கே அரைமணி தூரத்தில் எங்கள் ஊர், முழுக்க ரோமாக்கள்; மற்றவர்கள் ஜிப்சி என்பார்களே, அந்த இனம். எங்கள் பெண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடையை ஸம்பிலா மாதிரி தைக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஒரு மடிப்பு நூலளவு பிசகினாலும் இடுப்புப் பட்டி வரை பிரித்துப் போட்டுவிடுவாள். "யாருக்குக்கா தெரியப்போகுது?" என்று கேட்டால், "எனக்குத் தெரியுதேடி" என்பாள். இப்படிப்பட்ட ஒருத்தியோடு ஒரே முற்றத்தில் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

நாடே பார்த்து அழுத அந்தத் தொடர் வருவதற்கு முன்னால் டிவியில் நாங்கள் வந்ததெல்லாம் செய்தியில்தான். முகத்தை மறைத்திருப்பார்கள், கையில் விலங்கு இருக்கும். அந்த மறைப்பை எதற்குப் போட்டார்களோ தெரியாது. பாவாடையைப் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடும். ஸம்பிலா உடனே எழுந்துபோய் டிவியை நிறுத்துவாள். ஆனாலும் பார்த்தது உள்ளே போய்விடும் அல்லவா? நகரத்துக் கடைக்குப் போனால், வாசலில் காவல்காரன் கேட்பதற்கு முன்பே தன் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வருவாள். "கேக்கவே இல்லையே, ஏங்க்கா காட்டுற?" என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கேட்டப்புறம் காட்டினா அவமானம். நாமளே காட்டிட்டா மரியாதை" என்பாள்.

அவள் மகள் கிரீனா அப்போது ஆறு வயதுக் குழந்தை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரம், சாயங்காலம் மணி அடித்ததும் டீச்சர் முன்னால் போய் நின்று தன் புத்தகப் பையைத் திறந்து காட்டினாளாம். "எதுக்கும்மா காட்டுற?" என்று கேட்டதற்கு, "வீட்டுக்குப் போறேன்ல, டீச்சர்" என்றாளாம். டீச்சர் சிரித்துக்கொண்டே வந்து இதை எங்களிடம் சொன்னாள். ஸம்பிலா சிரிக்கவில்லை. அன்றைக்குத் தைத்ததையெல்லாம் பிரித்தாள்.

அந்த வருஷம்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள். எங்களை வைத்து ஒரு நெடுந்தொடர் எடுக்கப் போகிறார்களாம். நல்லவிதமாகவாம். காதல், கல்யாணம், பாட்டு, எல்லாம் உண்டாம். நடிக்கப்போகிறவர்கள் எல்லாரும் காஜோக்கள், அதாவது எங்கள் இனம் அல்லாதவர்கள். பாவாடை மட்டும் அசலாக வேண்டும் என்று ஸம்பிலாவைத் தேடி வந்தார்கள். கதை எழுதுகிற பெண் ஒருத்தியும் கூட வந்தாள். பெயர் ஸ்மராந்தா. மெலிந்த பெண், நல்ல பெண். நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் தையல் அறையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் சுட்டுக்கொடுத்த ரொட்டியை மிச்சம் வைக்காமல் தின்றாள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "கல்யாணத்தன்னிக்கு மகளை அனுப்பி வைக்கும்போது உங்க ஆளுங்கள்ல அம்மா என்ன செய்வாங்க?"

ஸம்பிலாவின் கை நின்றது. எங்களுக்குள் ஒன்று உண்டு. கல்யாணத்தன்று விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, தாயும் மகளும் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஒரு மணி நேரம். உள்ளே என்ன நடக்கும் என்பதை உங்களுக்கும் நான் சொல்லப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆண்களுக்கே தெரியாது. முந்தின நாள் செய்தால் செல்லாது, மறுநாள் செய்தால் செல்லாது. வாழ்க்கை முழுக்க அடிபட்டு மிதிபட்டுத் திரிகிற எங்கள் பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம். அதைப் போய் சோப்பு விளம்பரத்துக்கு நடுவில் காட்டக் கொடுப்பதா?

ஸம்பிலா ஊசிகளைப் பல்லில் கடித்தபடியே சொன்னாள்: "அம்மா திரும்பி நின்னுக்குவா. மக முகத்தைப் பாக்க மாட்டா."

அப்படியே தலைகீழ். என் வயிற்றுக்குள் சிரிப்பு குபுக்கென்று கிளம்பியது. ஸ்மராந்தா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். "பாக்கவே மாட்டாங்களா? எவ்வளவு நேரம்?"

"நாப்பது நாள்" என்றாள் ஸம்பிலா.

என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அதோட ஒரு மண்சட்டியைக் காலடியில போட்டு உடைப்பா. இனிமே என் வீட்ல உனக்குச் சோறு இல்லன்னு அர்த்தம்" என்று நான் எடுத்துவிட்டேன். ஸ்மராந்தாவின் கண் கலங்கிவிட்டது. அவள் போன பிறகு நானும் ஸம்பிலாவும் துணிக்குவியல் மேல் விழுந்து புரண்டு சிரித்தோம். அவ்வளவு சிரிப்பு அதற்குப் பிறகு நாங்கள் சிரித்ததில்லை.

படப்பிடிப்பு நடந்த இடத்துக்கு ஸம்பிலா ஒரே ஒரு தடவை போனாள். அங்கே பெண்களின் பாவாடையையும் ஆண்களின் சட்டையையும் ஒரே இயந்திரத்தில் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தார்களாம். எங்களில் அதைக் கண்ணால் பார்ப்பதே பாவம். வீட்டுக்கு வந்து மூன்று தடவை கை கழுவினாள். அதோடு சரி, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தொடர் ஓடத் தொடங்கியது. ஊரே சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தது. கதாநாயகிக்கு முகத்தில் பழுப்புச் சாயம் பூசியவர்கள் கழுத்தை மறந்துவிட்டிருந்தார்கள். எதற்கெடுத்தாலும் தோளைக் குலுக்கி ஆடினாள். எங்கள் வீட்டில் ஒரு பெண் பெரியவர்கள் முன்னால் அப்படித் தோளைக் குலுக்கினால் துடைப்பம்தான் பேசும். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கல்யாணக் காட்சி வந்தது. தாய் திரும்பி நின்றாள். சட்டி உடைந்தது. மகள் "அம்மா!" என்று கதறினாள். வயலின் வாசித்தார்கள். நான் ஸம்பிலாவின் விலாவில் இடித்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் மடியில் கிரீனா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் சந்தையில், தக்காளி விற்கிற காஜோக்காரி ஒருத்தி ஸம்பிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தாய்மாரெல்லாம் இவ்வளவு சோகத்தை எப்படித் தாங்குறீங்கம்மா?" என்று மூக்கை உறிஞ்சினாள். பத்து வருஷமாக எங்கள் விரல் மேல் கண்ணை வைத்துக்கொண்டே தக்காளி எடை போட்டவள் அவள். கடைக் காவல்காரன்கூட அன்றைக்குப் பையைப் பார்க்கவில்லை. தொடரின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வழிவிட்டான். வீட்டுக்கு வந்த ஸம்பிலா அங்குமிங்கும் நடந்தாள். "இது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியலையேடி" என்றாள். "நல்லதுதான்க்கா, பேசாம இரு" என்றேன்.

முதலில் எங்கள் ஆட்களுக்குக் கோபம். "எவ வாயில புழு விழ, இப்படிப் பொய் சொல்லிக் கொடுத்தா?" என்று வீட்டுக்கு வீடு சாபம். நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. அப்புறம் பக்கத்து ஊரில் ஒருத்தி மகள் கல்யாணத்தில் விளையாட்டாகத் திரும்பி நின்றாள்; வீடியோவில் நன்றாக விழுந்தது. அடுத்த வருஷம் நான்கு பேர் நின்றார்கள். அதற்கடுத்த வருஷம் திருவிழாக் கடைகளில் சிவப்புப் பூ வரைந்த மண்சட்டி வந்துவிட்டது; 'ரோமா கல்யாணச் சட்டி' என்று அட்டை தொங்கியது. தாய் விடிந்ததிலிருந்தே முகம் பார்க்கக் கூடாது என்று ஆகிவிட்டதால், கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிற அந்த ஒரு மணி நேரம் தானாகவே உதிர்ந்துபோனது. எங்கள் பிள்ளைகள் எங்கள் பாஷையையே அந்த நடிகர்கள் இழுக்கிற மாதிரி இழுத்துப் பேசின.

என் மகள் தாசியாவின் கல்யாணம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. சம்பந்தி வீட்டார் வந்ததும் வராததுமாக, "சட்டி எங்க?" என்று கேட்டார்கள். நான் வாங்கி வைத்திருந்தேன். ஸம்பிலா என்னை ஓரமாக இழுத்தாள்.

"நூட்சா, உனக்குத் தெரியும்லடி?"

"தெரியும். அதுக்கு? எல்லாரும் நிக்கிறாங்க, நான் மட்டும் நிக்கலன்னா என்ன தாயின்னு கேக்க மாட்டாங்களா?"

திரும்பி நின்றேன். நான் இட்டுக்கட்டிய சட்டியை நானே உடைத்தேன். அன்றைக்கு ஸம்பிலா எனக்கு எதிரே, வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

அடுத்து கிரீனாவின் முறை. பத்தொன்பது வயது. மாப்பிள்ளை ரெமுஸ் ஸ்பெயினில் சரகோசாவில் பழத்தோட்டத்தில் வேலை பார்க்கிறான். கல்யாணமான மூன்றாம் நாள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. திரும்பி வர எத்தனை வருஷமோ. நாற்பது நாள் போனில்கூட முகம் பார்க்கக் கூடாதாம். அதையும் யாரோ சேர்த்துவிட்டார்கள். ஸம்பிலா ஒரே பிடியாக நின்றாள். அவளுக்கு நகை வேண்டாம், மண்டபம் வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் வேண்டும். மகளுக்கு எதிரே முழங்கால் இடிக்க உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பேசி முடிக்கச் சம்பந்திகள் வந்த அன்று மதியம், மேஜை நிறைய முட்டைக்கோஸ் உருண்டையும் பன்றிக்கறியும் பரப்பியிருந்தது. சம்பந்தியம்மா தொம்னிக்கா கழுத்து நிறையத் தங்கக்காசு மாலை போட்டிருந்தாள். எங்கள் பக்கத்துப் பெரியவராக, என் மாமனாரின் தம்பி பூர்த்யா மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது தாண்டியவர்.

"விடிஞ்சதுலேர்ந்தே வீடியோ நேரலையில போகும். சரகோசாவுல எல்லாரும் பாப்பாங்க. சம்பந்தி, நீங்க சட்டியைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டு உடைங்க, சத்தம் கேக்கணும்" என்றாள் தொம்னிக்கா.

"நான் திரும்பி நிக்க மாட்டேன். அப்படி ஒரு சடங்கே நமக்குக் கிடையாது" என்றாள் ஸம்பிலா.

"என்ன சொல்றீங்க? ஊரு உலகமே செய்யுது."

"ஊரு உலகத்துக்கு அதைச் சொன்னதே நான்தான். டிவிக்காரப் பொண்ணு வந்து கேட்டா. நம்மளுதை அவகிட்டச் சொல்ல மனசில்லாம வாயில வந்ததைச் சொன்னேன்."

தொம்னிக்கா தங்கக்காசு குலுங்கச் சிரித்தாள். "நீங்களா? அப்ப அந்தப் பாட்டையும் நீங்கதான் எழுதினீங்களா, சம்பந்தி?" மேஜையே சிரித்தது.

பூர்த்யா மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினார். "ஸம்பிலா, பாவம் பண்ணாதம்மா. எங்க அக்கா கல்யாணத்துல எங்கம்மா திரும்பி நின்னாங்க. பச்சைப் பாவாடை. சட்டி உடைஞ்ச சத்தம் இன்னும் என் காதுக்குள்ள இருக்கு. செத்துப்போன எங்கக்கா மேல ஆணை." அவர் கண்ணில் நீர் வழிந்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை; உண்மையாகவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது எங்கள் ஆட்களை வண்டி வண்டியாக, கிழக்கே வெகுதொலைவில் இருக்கிற பூக் ஆற்றங்கரைக்குத் துரத்தினார்கள். பூர்த்யாவின் அம்மா அங்கேயே பசியில் செத்துப்போனாள். மூன்று வயதுப் பையனாக இருந்த இவரை அக்காதான் தூக்கிக்கொண்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தாள். அந்த அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. இது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் முகமே அறியாத அம்மாவை அவருக்கு அந்தத் தொடர்தான் காட்டியிருக்கிறது, பச்சைப் பாவாடை கட்டி.

அவரிடம் போய் எதைச் சொல்வது? ஸம்பிலா என் பக்கம் திரும்பினாள்.

"நூட்சா, நீ இருந்தல்ல. சட்டியைச் சொன்னதே நீதானடி. சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மகள் தாசியாவும் மேஜையின் ஓரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் அவளுக்கு முதுகைக் காட்டினேன். அது முன்னோர் வழக்கம் என்று நம்பித்தான் அவள் என்னை மன்னித்திருக்கிறாள். பொய் என்று தெரிந்தே நின்றேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வதா?

"எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

கட்டிலில் கிடந்தாலும், கடையில் நின்றாலும் அந்த வார்த்தை இன்றைக்கும் என் பின்னாலேயே வருகிறது. நான் ஒரு கோழை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை; வெட்கப்பட வேண்டிய நேரத்தில் பட்டிருந்தால் இப்படி அலைய வேண்டியிருக்காது.

சம்பந்திகள் போன பிறகு முற்றத்தில் தாயும் மகளும் மோதிக்கொண்டார்கள். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா மானத்தை வாங்குற? நம்மளுது எதுவுமே உனக்குப் பிடிக்காதா?" என்றாள் கிரீனா.

"அது நம்மளுது இல்லடி, கண்ணு. நம்மளுது வேற. உன் முகத்தைப் பாத்து நான் செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு."

"எனக்கு வேண்டாம். அது யாருக்குத் தெரியும்? நான் பையைத் திறந்து காட்டிக்கிட்டே வளந்தவம்மா. உன்னைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். டிவியில நம்மளைப் பத்தி வந்ததுலயே அழகா இருந்தது இது ஒண்ணுதான். என் கிளாஸ்ல எல்லாரும் அன்னிக்கு அழுதாங்க. மறுநாள் எம்பக்கத்துல வந்து உக்காந்தாங்க. அதையும் நீ பொய்யுங்கிறியே!"

ஸம்பிலா முற்றத்தைக் கடந்து என் பக்கம் வந்தாள். "சட்டி வாங்கணும். திருவிழாக் கடையில கிடைக்குமாடி, நூட்சா?" என்று என்னிடம் கேட்டாள். நான் என்னிடம் மிச்சமிருந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். வேறென்ன செய்ய?

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து ஸம்பிலா தன் தையல் அறையை விட்டு வெளியே வரவில்லை. கிரீனாவின் பாவாடையை அவள்தான் தைத்திருந்தாள். வெள்ளைப் பட்டு, விரல் அகல மடிப்பு. உடுத்திய பிறகு எப்படி இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு வண்டி வாசலுக்கு வந்தது. வீடியோக்காரன் ஸம்பிலாவை முற்றத்தின் நடுவில், வாசலுக்கு முதுகு காட்டி நிறுத்தினான். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், அக்கா" என்றான். நான் அவளுக்கு எதிரே நின்றேன். அந்த முற்றத்தில் அவள் முகம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

சட்டியைப் போட்டாள். உடைந்தது. வயலின் தொடங்கியது.

அவள் அழவில்லை. உதட்டை அசைக்காமல் கேட்டாள்: "மடிப்பு சரியா விழுந்திருக்கா?"

"சரியா இருக்குக்கா."

"வண்டியில ஏறிட்டாளா?"

நான் அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். கிரீனா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவளைப் பக்கத்திலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் அங்கே பார்க்கவில்லை. அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வயதில் அழுத மாதிரி மோவாய் நடுங்கியது. வாய் திறந்து மூடியது. கூப்பிடக் கூடாது அல்லவா, அதுவும் சடங்குதான்.

"ஏறல. உன்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா" என்றேன். "அக்கா, திரும்பேன். எவன் என்ன செய்வான்? திரும்பு."

"வேண்டாம். எல்லாரும் பாக்குறாங்க. அவளுக்கு அவமானம்." அவள் கைகள் இரண்டும் பாவாடைத் துணியை இறுகப் பிடித்திருந்தன. "அழறாளா?"

"அழறா."

வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஸம்பிலாவின் கண் இமை ஒரு தடவை துடித்தது. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் அப்படியே நின்றாள். என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே என் வாய் பேசியது.

"எம்பொண்ணு அன்னிக்கு அழுதாளான்னுகூட எனக்குத் தெரியாதுக்கா."

"அழுதா" என்றாள் ஸம்பிலா. "ஏறாமலே நின்னா. உன் முதுகைப் பாத்து ரெண்டு தடவை கையை நீட்டினா. மாப்பிள்ளைதான் பிடிச்சு உள்ள உக்கார வெச்சான்."

"ரெண்டு வருஷமா ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

உடைந்த சட்டியைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

"நீ கேக்கலையே" என்றாள்.